உலாவி இணைப்பு வரம்பு

உலாவி இணைப்பு வரம்பு என்பது ஓர் இணைய உலாவி ஒரே நேரத்தில் ஒரே வழங்கியுடன் எத்தனை இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதை வரையறுக்கும் எல்லை ஆகும். இவ்வரம்பை உலாவி தானாகவே கடைப்பிடிக்கலாம். அல்லது வழங்கி தன் பக்கத்திலிருந்து விதிக்கலாம். எச்.டி.டி.பி. நெறிமுறையின் 1.1 ஆம் பதிப்பு இவ்வெண்ணை 2 என்று வகுத்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் முன்னணி உலாவிகள் இதனை 6 ஆக உயர்த்தின. எச்.டி.டி.பி./1.1 வழியே இயங்கும் தளங்களுக்குக் குரோம், பயர்பாக்ஸ் ஆகியன இன்றும் 6 என்ற எண்ணையே கொள்கின்றன. 2015 இல் வெளிவந்த எச்.டி.டி.பி./2, ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைக் கலந்து அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது.

பயனர் கண்ணுக்கு இவ்வரம்பு தெரிவதில்லை. பக்கம் மெதுவாகத் திறக்கும்போது அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணுவதும் அரிது. ஆயினும் ஒருவருடைய வேகத்துக்கும் அவரோடு அதே பாதையைப் பகிர்ந்துகொள்வோரின் பங்குக்கும் இடையே எழும் பழைய வழக்கு ஒன்று இந்தச் சிறிய எண்ணுக்குள் அடங்கியுள்ளது.

பல இணைப்புகள் தேவைப்படுவது ஏன்

ஒரு வலைப்பக்கம் ஒரே கோப்பால் ஆனது அன்று. பக்கத்தின் உரையைத் தாங்கிய எச்.டி.எம்.எல். கோப்பு முதலில் வந்து சேரும். அதைப் படிக்கத் தொடங்கிய பின்னரே, எந்தெந்தப் படங்கள், நடைதாள்கள், நிரல்கள் வேண்டும் என்பது உலாவிக்குத் தெரியவரும். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோரிக்கை அனுப்ப வேண்டும்.

1996 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1945 ஆக வெளியிடப்பட்ட எச்.டி.டி.பி. 1.0 இல், ஒரு கோரிக்கைக்கு ஓர் இணைப்பு என்பதே பொது வழக்கம். கோப்பு வந்து சேர்ந்ததும் இணைப்பு மூடப்படும். அடுத்த படத்துக்கு மீண்டும் புதிய இணைப்பு. எச்.டி.டி.பி. 1.1 இல் இணைப்பு மூடப்படாமல் நிலைத்திருக்கும். எனினும் நடைமுறையில் ஒரு மறுமொழி முழுவதும் வந்து சேர்ந்த பிறகே அதே இணைப்பில் அடுத்த கோரிக்கை செல்லும்.

எடுத்துக்காட்டாக, கடல்கடந்த ஒரு வழங்கிக்குச் செய்தி போய்த் திரும்பக் கால் வினாடி ஆகிறது என்று கொள்வோம். பக்கத்தில் 40 சிறிய படங்கள் உள்ளன. ஒரே நிலைத்த இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 10 வினாடிகள் ஆகும். 2 இணைப்புகளில் கேட்டால் 5 வினாடிகள். 6 இணைப்புகளில் கேட்டால் 7 சுற்றுகளில், அதாவது ஏறத்தாழ 1.75 வினாடிகளில் வேலை முடிந்துவிடும். இக்கணக்கில் கம்பியின் வேகம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கு வீணாவது காத்திருக்கும் நேரமே. எனவே பட்டையகலத்தைக் கூட்டினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. இணைப்புகளைக் கூட்டினால் குறையும்.

இன்னொரு ஆதாயமும் உண்டு. தரவை ஒழுங்காகவும் இழப்பின்றியும் கொண்டு சேர்க்கும் டி.சி.பி. நெறிமுறை, புதிய இணைப்பில் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் அனுப்புவதில்லை. சில பொதிகளை மட்டும் அனுப்பிப் பார்த்து, அவை சேர்ந்தன என்ற ஒப்புகை வரவர அளவைக் கூட்டிக்கொண்டு போகும். இதற்கு மெதுத் தொடக்கம் என்று பெயர். ஆறு இணைப்புகளைத் திறப்பவருக்கு இந்தத் தொடக்க அளவு ஆறு மடங்காகக் கிடைக்கிறது.

வரம்பு தேவைப்படுவது ஏன்

இவ்வளவு நன்மை இருந்தால் நூறு இணைப்புகளைத் திறக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்கு விடை காண 1986 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளுக்கு வீழ்ந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையில் இருந்த தொலைவு 400 கெஜம் மட்டுமே. பழுது எதுவும் இல்லை. பொதிகள் தொலைந்தபோது ஒவ்வொரு கணினியும் அவற்றை மீண்டும் மீண்டும் அனுப்பியது. அவ்வாறு அனுப்பியவை நெரிசலை இன்னும் கூட்டின. இந்நிகழ்வு நெரிசல் சரிவு எனப்படுகிறது. அங்குப் பணியாற்றிய வான் ஜேக்கப்சன் 1988 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கான தீர்வை விளக்கினார். பொதி தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மேலே சொன்ன மெதுத் தொடக்கமும் அத்தீர்வின் ஒரு பகுதியே.

இந்தக் கட்டுப்பாடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே இயங்குவது. ஓர் இணைப்பு கற்றுக்கொண்ட பாடம் அடுத்த இணைப்புக்குத் தெரியாது. ஆறு இணைப்புகளில் ஒன்றில் பொதி தொலைந்தால் அது ஒன்று மட்டும் வேகத்தைக் குறைக்கும்; மற்ற ஐந்தும் தம் போக்கில் செல்லும். அதனினும் முக்கியமானது, டி.சி.பி. நெறிமுறை இணைப்புகளைத்தான் எண்ணுகிறது, மனிதர்களை அன்று என்பது. நெரிசல் மிக்க பாதை ஒன்றை 10 பேர் ஆளுக்கோர் இணைப்பாகப் பயன்படுத்தினால், மற்ற நிலைமைகள் ஒன்றாக இருக்கும்போது, ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அவர்களுள் ஒருவர் மட்டும் 6 இணைப்புகளைத் திறந்தால் மொத்த இணைப்புகள் 15 ஆகும். அவருக்கு 40 விழுக்காடு போய்விடும். மற்ற ஒன்பது பேருக்கும் தலைக்கு 7 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும். நியாயவிலைக் கடை வரிசையில் ஒரே வீட்டார் ஆறு இடங்களைப் பிடித்து நிற்பதை இதனோடு ஒப்பிடலாம். ஒன்பது பேரும் பதிலுக்கு ஆறு ஆறாகத் திறந்தால் பங்கு பழையபடி பத்தில் ஒன்றாகிவிடும். நெரிசல் மட்டும் கூடியிருக்கும்.

வழங்கியின் பக்கத்திலும் செலவு உண்டு. ஒவ்வோர் இணைப்புக்கும் நினைவகம் ஒதுக்க வேண்டும். அப்பாச்சி வழங்கியின் பழைய அமைப்பு முறையில் ஓர் இணைப்பை ஒரு முழுச் செயலாக்கம் கவனித்துக்கொள்ளும். அதன் இயல்பிருப்பு உச்ச எண்ணிக்கை 256. வருகையாளர் ஒவ்வொருவரும் 2 இணைப்புகளைப் பிடித்துக்கொண்டால் 128 பேருக்கு இடம் உண்டு. ஆறாறாகப் பிடித்தால் 42 பேருக்கு மட்டுமே. கோரிக்கை எதுவும் இல்லாவிடினும், அடுத்தது வரக்கூடும் என்று அப்பாச்சி 2.0 இயல்பாக 15 வினாடிகள் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். 2.2 ஆம் பதிப்பில் இது 5 வினாடிகளாகக் குறைக்கப்பட்டதற்கு இத்தகைய வெற்றுக் காத்திருப்பைத் தவிர்ப்பதே நோக்கம் எனலாம்.

இரண்டு என்னும் விதி

1994 ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் உலாவி இயல்பாக 4 இணைப்புகளை ஒருசேரத் திறந்தது. விருப்பத்தேர்வுகளில் அவ்வெண்ணைப் பயனர் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. பக்கம் முழுவதும் வரும்வரை காத்திராமல் படங்கள் ஒருங்கே நிரம்பி வருவதைக் கண்ட பயனர்கள் அதனை வேகமான உலாவி எனக் கொண்டாடினர்.

வலையமைப்பு ஆய்வாளர்கள் அவ்வாறு கருதவில்லை. ஒரே இணைப்பை நிலைத்து வைத்துக்கொள்வதே சிறந்தது என்று ஜெஃப்ரி மோகல் 1995 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். 1997 சனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2068, எச்.டி.டி.பி. 1.1 இல் நிலைத்த இணைப்பை இயல்பிருப்பாக ஆக்கியது. ஒரு பயனருக்கான உலாவி ஒரு வழங்கியுடன் அதிகபட்சம் 2 இணைப்புகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டது. 1999 சூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 2616 இதனை மீண்டும் வலியுறுத்தியது. பலருக்காக இயங்கும் பதிலி வழங்கிகளுக்கு, அந்நேரம் செயற்பாட்டில் உள்ள பயனர் எண்ணிக்கையின் இரு மடங்கு வரை அனுமதி உண்டு.

இவ்விதி கட்டாயம் அன்று, பரிந்துரையே. ஆர்.எஃப்.சி. ஆவணங்களில் கட்டாயத்துக்கும் பரிந்துரைக்கும் வெவ்வேறு சொற்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. இங்குப் பயன்பட்டது இரண்டாவது வகை. தக்க காரணம் இருந்தால் மீறலாம். பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவும்.

விதியை வகுத்தோரிடம் மாற்று வழியும் இருந்தது. மறுமொழிக்குக் காத்திராமல் ஒரே இணைப்பில் கோரிக்கைகளைத் தொடர்ச்சியாக அனுப்பும் குழாய்த்தொடர் முறையே அது. டபிள்யூ3சி அமைப்பைச் சேர்ந்த ஹென்ரிக் ஃபிரிஸ்டிக் நீல்சன், ஜிம் கெட்டிஸ் முதலானோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், 42 படங்கள் கொண்ட சோதனைப் பக்கம் ஒன்று பயன்படுத்தப்பட்டது. குழாய்த்தொடருடன் கூடிய ஒரே இணைப்பு, நான்கு இணைப்புகளைத் திறந்த பழைய முறையை வென்றது. அனுப்ப வேண்டிய பொதிகளின் எண்ணிக்கை பாதியாகவும், சில நிலைகளில் பத்தில் ஒன்றாகவும் குறைந்தது.

ஆய்வகத்தில் வென்ற இம்முறை வெளியுலகில் தோற்றது. இடைவழியில் உள்ள சில பதிலி வழங்கிகளும் பழைய வழங்கிகளும் தொடர் கோரிக்கைகளைக் கண்டு குழம்பின. மேலும், மறுமொழிகள் கேட்ட வரிசையிலேயே திரும்ப வேண்டும் என்பதால், முதலில் நிற்கும் பெரிய கோப்பு ஒன்று பின்னால் உள்ள அனைத்தையும் மறித்துக்கொள்ளும். பயர்பாக்ஸ் இவ்வசதியை இயல்பாக அணைத்தே வைத்திருந்து, 2017 இல் முற்றிலும் நீக்கிவிட்டது. ஆக, இரண்டு என்ற விதி நிலைத்தது. அதனை ஏற்கத்தக்கதாக ஆக்கியிருக்க வேண்டிய துணை வசதி வந்து சேரவில்லை.

விதியைச் சுற்றிச் சென்ற வழிகள்

உலாவிகள் வரம்பைப் புரவன் பெயரின் அடிப்படையில் கணக்கிடுகின்றன. பெயர் வேறானால், பின்னால் இருப்பது ஒரே கணினியாக இருப்பினும், அதை வேறு வழங்கி என்றே கொள்ளும். இதனைக் கண்டுகொண்ட தளங்கள் படங்கள்1, படங்கள்2 என்ற பாணியில் துணைப்பெயர்களை உருவாக்கிப் படங்களைப் பங்கிட்டு வைத்தன. இது களப்பெயர்ப் பங்கீடு எனப்பட்டது. இரண்டு பெயர்களுக்கு 4 இணைப்புகள், நான்கு பெயர்களுக்கு 8 என்று வளரும். யாகூ நிறுவனப் பொறியாளர்கள் 2007 இல் இதைச் சோதித்து, இரண்டு பெயர்களே உகந்தவை, அதற்கு மேல் போனால் வேகம் குறையவும் கூடும் என்று அறிவித்தனர். ஒவ்வொரு புதிய பெயருக்கும் முகவரி தேட வேண்டும், புதிதாக இணைப்பைத் தொடங்க வேண்டும் என்பன இதற்குக் காரணங்கள்.

சிறு படங்கள் பலவற்றை ஒரே படமாக ஒட்டி, தேவையான பகுதியை மட்டும் நடைதாள் மூலம் காட்டுவதும், நிரல் கோப்புகள் பலவற்றை ஒன்றாக்குவதும் இதே நெருக்கடியில் பிறந்த உத்திகள்தாம். ஒருகாலத்தில் வலை வடிவமைப்பின் அரிச்சுவடியாகவே இவை கற்பிக்கப்பட்டன.

பயனர்களும் சும்மா இருக்கவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 7 ஆம் பதிப்பு வரை எச்.டி.டி.பி. 1.1 வழங்கிகளுக்கு 2, எச்.டி.டி.பி. 1.0 வழங்கிகளுக்கு 4 என்று வரம்பு இருந்தது. விண்டோஸ் பதிவேட்டில் இரண்டு மதிப்புகளைத் திருத்தி இவற்றை உயர்த்தும் குறிப்புகள் பரவலாக உலவின. பயர்பாக்ஸ் உலாவியின் அமைப்புப் பக்கத்திலும் இதனை மாற்றலாம். ஒரே சொடுக்கில் மாற்றித் தரும் ஃபாஸ்டர்ஃபாக்ஸ் போன்ற நீட்சிகளும் வந்தன. ஒரு கோப்பையே துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் இணைப்பாகத் தறவிறக்கும் மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. மேற்சொன்ன பங்குக் கணக்கை நோக்கினால், இவை தரும் வேகத்தில் ஒரு பகுதி பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது புலப்படும்.

இரண்டிலிருந்து ஆறு

பக்கங்கள் கனத்தன, அகலப்பட்டை பரவியது. அதோடு, பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல் பின்னணியில் தரவு பெறும் அஜாக்ஸ் முறையும் வந்தது. அரட்டை, மின்னஞ்சல் தளங்களில் புதுச் செய்தி வரும்வரை ஓர் இணைப்பு திறந்தே காத்திருக்கும். வரம்பு இரண்டே என்னும்போது ஒன்று இவ்வாறு பிடிபட்டுவிட்டால் மீதம் உள்ளது ஒன்றுதான். 2008 சூனில் வெளிவந்த பயர்பாக்ஸ் 3 வரம்பை 6 ஆக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அறிமுகமான குரோம் உலாவியும் 6 என்ற எண்ணையே கொண்டது. 2009 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, அகலப்பட்டை இணைப்பில் 6 என்றும் தொலைபேசி வழி இணைப்பில் 2 என்றும் பிரித்துக்கொண்டது. கம்பியின் தன்மையைப் பார்த்து எண்ணை மாற்றிய இந்த ஏற்பாடு மற்றவற்றைவிடச் சிந்தித்துச் செய்யப்பட்டதாகத் தோன்றுகிறது.

விதி நூல் பின்னால் வந்தது. 2014 சூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 7230, குறிப்பிட்ட எண்ணைக் கைவிட்டது. முன்னைய பதிப்புகள் தந்த உச்ச எண் பல பயன்பாடுகளுக்கு நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது என்று அது ஒப்புக்கொண்டு, இணைப்புகளை அளவோடு திறக்குமாறு மட்டும் அறிவுறுத்தியது.

ஆறு என்பதிலும் இடர் உண்டு. வரம்பு ஒரு தாவலுக்கு உரியது அன்று. அந்த உலாவியில் அத்தளத்துக்காகத் திறந்த எல்லாத் தாவல்களுக்கும் சேர்த்து உரியது. வழங்கி தொடர்ந்து நிகழ்வுகளை அனுப்புவதற்காக இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் ஒரு தளத்தை எச்.டி.டி.பி. 1.1 வழியே ஏழு தாவல்களில் திறந்தால், ஏழாவது தாவல் திறக்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். வழங்கியில் தேடினால் பிழை எதுவும் அகப்படாது, ஏனெனில் அக்கோரிக்கை உலாவியை விட்டே கிளம்பியிருக்காது. இதனை அறியாத நிரலாளர் நாட்கணக்கில் அலைய நேரிடும்.

வழங்கி விதிக்கும் வரம்பு

உலாவியின் நற்பண்பை மட்டும் நம்பி வழங்கி இருக்க முடியாது. எனவே ஒரே முகவரியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு வழங்கிகளும் எல்லை இடுகின்றன. என்ஜின்எக்ஸ் வழங்கியில் இதற்கான வசதி உள்ளமைந்தே உள்ளது. அப்பாச்சி வழங்கிக்குக் கூடுதல் கூறுகள் கிடைக்கின்றன. லினக்சு இயங்குதளத்தின் தீச்சுவரிலேயே, கோரிக்கை வழங்கியை எட்டும் முன்னரே தடுக்கவும் முடியும். வரம்பு மீறும் கோரிக்கைக்கு 503 என்ற குறியீடு பொதுவாகத் திருப்பி அனுப்பப்படும். அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல 429 என்ற குறியீடு 2012 இல் வரையறுக்கப்பட்டது.

இதன் தேவையை 2009 சூனில் வெளியான ஸ்லோலோரிஸ் என்னும் நிரல் எடுத்துக்காட்டியது. பல இணைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கோரிக்கையை முடிக்காமல் சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டே இருப்பது அதன் வேலை. ஓர் இணைப்புக்கு ஒரு செயலாக்கம் ஒதுக்கும் வழங்கிகளை ஒரே கணினியால், மிகக் குறைந்த பட்டையகலத்தில், முடக்கிவிட அதனால் முடிந்தது.

ஆனால் முகவரியும் மனிதரும் ஒன்றல்லர். கல்லூரி விடுதி, அலுவலகம், இணைய மையம் போன்ற இடங்களில் பல கணினிகள் ஒரே பொது முகவரியின் பின்னால் இருக்கும். ஐ.பி.வி4 முகவரிகள் தட்டுப்பட்டதால் கைபேசி நிறுவனங்களும் பெருந்திரளான வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின் வைக்கின்றன. இவ்வாறு பகிர்வதற்கென்றே ஒரு முகவரித் தொகுதி 2012 இல் ஒதுக்கப்பட்டது. முகவரிக்கு 10 இணைப்புகள் என்று வழங்கி எல்லையிட்டால், ஆறாறாகத் திறக்கும் இரண்டு உலாவிகளுக்கே அது போதாது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தனி இணைப்பு வைத்திருப்பவர் தடையின்றிப் பார்ப்பார். ஆய்வகத்தில் நாற்பது பேரோடு அமர்ந்திருக்கும் மாணவருக்குப் பிழைப் பக்கம் வரும். நியாயத்துக்காக வைத்த வரம்பு, பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையில் இருப்போரையே தண்டிக்கிறது. இதனால் புகுபதிகை செய்த பயனரின் கணக்கைக் கொண்டு எல்லையிடுவதும், மாறாத கோப்புகளை இடைமாற்று வழங்கிகளில் வைத்துச் சுமையைக் குறைப்பதும் சிறந்தவை. முகவரியை மட்டுமே நம்ப வேண்டியிருந்தால், எண்ணைத் தாராளமாக வைப்பதே முறை.

ஒரே இணைப்புக்குத் திரும்பல்

கூகுள் நிறுவனம் 2009 நவம்பரில் ஸ்பீடி என்னும் சோதனை நெறிமுறையை அறிவித்தது. அதன் அடிப்படையில் உருவான எச்.டி.டி.பி./2, 2015 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7540 ஆக வெளியானது. இதில் ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் ஓடை. ஓடைகள் சிறு சட்டங்களாக வெட்டப்பட்டு ஒரே இணைப்பில் கலந்து செல்லும். மறுமொழிகள் எந்த வரிசையிலும் திரும்பலாம். ஒரு புரவனின் ஒரு துறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பைத் திறக்க வேண்டாம் என்று இந்நெறிமுறை பரிந்துரைக்கிறது. ஒருசேர இயங்கும் ஓடைகளின் எண்ணிக்கையை வழங்கியே உலாவிக்கு அறிவிக்கும். அது 100 க்குக் குறையாதிருப்பது நன்று என்பது பரிந்துரை. 1997 ஆய்வாளர்கள் விரும்பியது ஏறத்தாழ இதுவே. களப்பெயர்ப் பங்கீடு இம்முறையில் கேடாகவே முடியும். ஓரிணைப்பை அது வீணாகப் பலவாக உடைக்கிறது.

குறையும் இருந்தது. கீழே ஓடுவது ஒரே டி.சி.பி. இணைப்பு என்பதால், ஒரு பொதி தொலைந்தால் எல்லா ஓடைகளும் அதற்காகக் காத்திருக்கும். பொதி இழப்பு மிகுந்த கைபேசி வலையமைப்பில் பழைய ஆறு இணைப்புகளே சில வேளைகளில் விரைவாக இருந்தன. 2022 சூனில் ஆர்.எஃப்.சி. 9114 ஆக வெளியான எச்.டி.டி.பி./3, டி.சி.பி. நெறிமுறையை விட்டு, யு.டி.பி. மீது இயங்கும் குவிக் நெறிமுறைக்கு மாறி இச்சிக்கலைத் தவிர்க்கிறது.

வரம்பைச் சுற்றிச் செல்லும் வழக்கம் இங்கும் தொடர்ந்தது. ஓடை ஒன்றைத் திறந்த உடனே ரத்து செய்தால் அது எண்ணிக்கையில் சேராது. ஆனால் வழங்கி அதற்கான வேலையைத் தொடங்கியிருக்கும். இதைப் பயன்படுத்தி 2023 ஆகத்தில் நடந்த தாக்குதல்கள் அக்டோபரில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டன. உச்ச நிலையில் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வந்ததாகக் கூகுள் தெரிவித்தது. அதன்பின், ரத்து செய்யப்பட்ட ஓடைகளையும் வழங்கிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. என்ஜின்எக்ஸ் வழங்கியின் இணைப்பு வரம்பு, எச்.டி.டி.பி./2 இல் ஒருசேர நிகழும் கோரிக்கை ஒவ்வொன்றையும் தனி இணைப்பாகவே எண்ணுகிறது. பழைய எச்.டி.டி.பி. 1.1 காலத்து எண்ணை மாற்றாமல் விட்டுவிடும் நிர்வாகிகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

வேறு வரம்புகள்

2004 ஆகத்தில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைப் பொதி, முழுமை பெறாத வெளிச்செல்லும் இணைப்பு முயற்சிகளை ஒருசேர 10 என்று கட்டுப்படுத்தியது. கணினிப் புழுக்கள் வேகமாகப் பரவுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். எந்த வழங்கிக்கு என்று பாராமல் இயங்குதளம் விதித்த எல்லை அது. நிறைவேறிய இணைப்புகளை அது எண்ணவில்லை. இதனை உலாவி வரம்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதேபோல, குரோம் உலாவி எல்லா வழங்கிகளுக்கும் சேர்த்து 256 என்றும், பதிலி வழங்கி ஒன்றுக்கு 32 என்றும் தனி உச்ச எண்களை வைத்துள்ளது.